பிரசங்க பீடத்திலிருந்து மாநகர மன்றத்துக்கு: ஹார்லெமின் ஆடம் கிளேட்டன் பாவெல் ஜூனியர் – ஒரு நிகழ்வு ஆய்வு

1941 நவம்பரில் நியூயார்க் மாநகர மன்றத் தேர்தலின் வாக்குகளை எண்ணி முடித்தபோது, நகரின் ஐந்து பகுதிகளில் ஒன்றான மன்ஹாட்டனிலிருந்து தேர்வான ஆறு பேரில் மூன்றாவது இடம் ஒரு பாப்டிஸ்ட் போதகருக்குக் கிடைத்தது. அவர் பெற்ற வாக்குகள் 65,736. வயது 32. பெயர் ஆடம் கிளேட்டன் பாவெல் ஜூனியர். அதற்கு முன் அந்த மன்றத்தில் கறுப்பினத்தவர் எவரும் உறுப்பினராக இருந்ததில்லை.

பாவெல் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது 1960களின் வாஷிங்டன்தான். நாடாளுமன்றக் குழுத் தலைவர், அவதூறு வழக்கு, பஹாமாஸ் தீவு, பதவி நீக்கம், உச்ச நீதிமன்றம் என்று அந்தப் பகுதி பரபரப்பானது. அதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். என் பார்வையில் அவருடைய வாழ்க்கையை விளங்கிக்கொள்ள வேண்டிய இடம் அதுவல்ல. 1930க்கும் 1945க்கும் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில், மன்ஹாட்டனின் வடபகுதியான ஹார்லெமில் சில தெருக்களுக்குள் நடந்தவைதான் அடிப்படை. ஒரு சபையின் போதகர் எப்படி ஒரு நகரத்தின் அரசியல்வாதி ஆகிறார், அந்தச் சபை அவருக்கு எதைக் கொடுத்தது, அதற்கு விலை என்ன என்பதை அங்கேதான் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

சபை

அபிசீனியன் பாப்டிஸ்ட் சபை 1808இல் தொடங்கியது. நியூயார்க்கின் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் ஆலயத்தில் கறுப்பினத்தவரைத் தனியே ஒதுக்கி உட்கார வைத்தார்கள். அதை ஏற்க மறுத்து வெளியேறியவர்கள் சேர்ந்து உருவாக்கியது இது. எத்தியோப்பிய வணிகர்களும் அவர்களில் இருந்தார்கள் என்பது சபையின் வரலாறு; பெயரும் அதிலிருந்தே வந்தது. ஆக, அநீதிக்கு எதிரான ஒரு வெளிநடப்புதான் இந்தச் சபைக்கு வித்து. இதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் நடந்தவை திடீரென்று முளைத்தவையாகத் தெரியாது.

1908 நவம்பர் 29 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் பாவெல் ஜூனியர் பிறந்தார். அடுத்த சில வாரங்களிலேயே அவருடைய தந்தை ஆடம் கிளேட்டன் பாவெல் சீனியர், அபிசீனியன் சபையின் அழைப்பை ஏற்று நியூயார்க் வந்தார். அப்போது ஆலயம் மேற்கு 40ஆம் தெருவில் இருந்தது. தென்மாநிலங்களிலிருந்து வந்து கொண்டிருந்த கறுப்பின மக்கள் ஹார்லெமில் குடியேறுவதைப் பார்த்த தந்தை, சபையும் அங்கே போக வேண்டும் என்று விடாமல் வாதாடினார். 1923இல் மேற்கு 138ஆம் தெருவில் புதிய ஆலயம் திறக்கப்பட்டது. உறுப்பினர் எண்ணிக்கை பல ஆயிரமாகப் பெருகி, அந்தக் காலத்தில் நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் சபைகளில் ஒன்றாகப் பேசப்பட்டது.

பாப்டிஸ்ட் சபைகளின் அமைப்பு முறையை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வின் திறவுகோல் அதில்தான் இருக்கிறது. பாப்டிஸ்ட் மரபில் பேராயர் கிடையாது. மேலிடத்து உத்தரவு கிடையாது. ஒவ்வொரு சபையும் தனக்குத் தானே தலைமை. போதகரை அழைப்பதும் அனுப்புவதும் சபையாரின் வாக்கு. சம்பளம் சபையாரின் காணிக்கையிலிருந்து வருகிறது. கத்தோலிக்கக் குருவை ஓர் ஆயர் வேறு ஊருக்கு மாற்றிவிடலாம். மெதடிஸ்ட் ஊழியரை மாநாடு இடம் மாற்றலாம். பாப்டிஸ்ட் போதகரை அசைக்க வேண்டுமென்றால் அவருடைய சொந்தச் சபையாரின் மனம் மாற வேண்டும்.

அன்றைய ஹார்லெமில் இதற்கு ஒரு கூடுதல் அர்த்தம் உண்டு. அங்கே ஆசிரியர் என்றால் நகர நிர்வாகத்தை நம்பியிருந்தார். கடைச் சிப்பந்தி வெள்ளை முதலாளியை நம்பியிருந்தார். கட்சி ஊழியர் டாமனி ஹாலை, அதாவது மன்ஹாட்டன் ஜனநாயகக் கட்சியின் இயந்திரத்தை நம்பியிருந்தார். வாய் திறந்தால் சாப்பாட்டில் கை வைப்பார்கள் என்ற பயம் இல்லாத மனிதர்கள் மிகக் குறைவு. பெரிய கறுப்பினச் சபையின் போதகர் அந்தக் குறைவான பேரில் ஒருவர்.

போதகராக வந்தவர்

இளைய பாவெல் பக்திப் பிள்ளையாக வளரவில்லை. சிட்டி காலேஜில் படிப்பைக் கோட்டை விட்டார். பிறகு கோல்கேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருடைய நிறம் மிக வெளுப்பு. அங்கே கொஞ்ச காலம் வெள்ளையர் என்றே மற்றவர்கள் எண்ணும்படி நடந்துகொண்டார். உண்மை தெரிந்தபோது வெள்ளை நண்பர்களும் ஒதுக்கினார்கள், கறுப்பின மாணவர்களும் மன்னிக்கவில்லை. அந்த அனுபவம் அவரை எவ்வளவு ஆழமாகத் தொட்டது என்று அளப்பது கடினம். ஆனால் அதன் பிறகு, தான் யார் பக்கம் என்பதில் அவர் பொதுவாழ்வில் ஒரு நாளும் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

1930இல் பட்டம் பெற்றுத் திரும்பியபோது பொருளாதாரப் பெருமந்தம் ஹார்லெமை நசுக்கிக்கொண்டிருந்தது. சபையின் இலவச உணவுக்கூடத்தையும் நிவாரணப் பணியையும் தந்தை அவரிடம் ஒப்படைத்தார். பசித்தவர்களுக்குச் சோறு, குளிருக்குத் துணி, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவருக்கு ஓர் ஏற்பாடு என்று நாள் முழுக்க வேலை. அதே காலத்தில் ஹார்லெம் மருத்துவமனையிலிருந்து ஐந்து கறுப்பின மருத்துவர்கள் வெளியேற்றப்பட்ட விவகாரம் வந்தது. நகர மண்டபத்துக்கு மக்களைத் திரட்டிக் கொண்டுபோய், அதிகாரிகளுக்கு முன்னால் வாதாடியவர்களில் இந்த இளைஞரும் ஒருவர். அது நகராட்சி மருத்துவமனை. பிரச்சினை சபையாரின் உடல்நலம். முடிவெடுக்கும் மேசையோ நகர மண்டபத்தில். பாவெல் அந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1931இல் அவருக்கு ஊழிய அபிஷேகம் நடந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வியில் முதுகலையும் முடித்தார். 1933இல் மேடை நடனக் கலைஞர் இசபெல் வாஷிங்டனை மணக்க விரும்பினார். ஏற்கெனவே மணமாகி விலகியவர், ஒரு மகனுக்குத் தாய், அதிலும் இரவு விடுதி மேடையில் ஆடுபவர். சபையின் உதவிக்காரர்கள் எதிர்த்தார்கள், தந்தையும் எதிர்த்தார். மகன் பின்வாங்கவில்லை. கடைசியில் இசபெல் அதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார், மேடையை விட்டார், திருமணமும் அங்கேயே நடந்தது. சபை ஏற்றுக்கொண்டது. சொந்த விஷயம்தானே என்று இதைத் தாண்டிப்போகக் கூடாது. தான் விடாப்பிடியாக நின்றால் சபை தன்னோடு வரும் என்பதை 24 வயதிலேயே அவர் கண்டுகொண்டார். 1937இல் தந்தை ஓய்வு பெற்றபோது சபை மகனையே போதகராக்கியது.

125ஆம் தெரு

ஹார்லெமின் கடைவீதி 125ஆம் தெரு. வாங்குபவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். கடைகள் பெரும்பாலும் வெள்ளையருடையவை. துடைப்பம் பிடிக்கும் வேலையும் மூட்டை தூக்கும் வேலையும் கறுப்பினத்தவருக்குக் கிடைக்கும். விற்பனை மேசைக்குப் பின்னால் நிற்கும் வேலை கிடைக்காது. 1934இல் ப்ளம்ஸ்டைன் பல்பொருள் அங்காடிக்கு எதிராக, வேலை தராத இடத்தில் வாங்காதே என்ற முழக்கத்தோடு மறியல் நடந்தது. கடை இறங்கிவந்தது. ஆனால் அந்த ஆண்டே மாநில நீதிமன்றம் இத்தகைய மறியலுக்குத் தடை போட, இயக்கம் முடங்கியது. 1935 மார்ச் 19 அன்று ஒரு கடையில் பிடிபட்ட சிறுவனைப் போலீஸ் அடித்துக் கொன்றுவிட்டது என்ற வதந்தி பரவி ஹார்லெமில் கலவரம் வெடித்தது. சிறுவன் உயிரோடுதான் இருந்தான். ஆனால் வதந்தியை நம்ப வைத்த கோபம் பொய்யல்ல.

1938இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு நகரத்து வழக்கில், வேலைவாய்ப்புப் பாகுபாட்டுக்கு எதிரான மறியல் சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது. கதவு திறந்தது. பாவெலும் பிரஸ்பிட்டேரியன் போதகர் வில்லியம் லாயிட் ஐம்ஸும் சேர்ந்து வேலைவாய்ப்புக்கான ஒருங்கிணைப்புக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் சபைகள், தொழிற்சங்கங்கள், இடதுசாரிகள், தேசியவாதிகள் எல்லோரும் இருந்தார்கள். மின்சார நிறுவனத்துக்கு எதிராக வாரத்தில் ஓர் இரவு விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அந்த ஆண்டே ஹார்லெம் வணிகர் சங்கம், எழுத்தர் வேலையிலும் விற்பனை வேலையிலும் மூன்றில் ஒரு பங்கைக் கறுப்பினத்தவருக்குத் தர உடன்பட்டது. 1939 உலகக் கண்காட்சியில் வேலை கேட்டு, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் இருந்த அதன் அலுவலகத்துக்கு முன்னால் மறியல் செய்தார்கள்.

இந்தப் போராட்டங்களில் சபையின் பங்கு பிரசங்கத்தோடு முடிந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைக் கேட்கிறார்கள். திங்கட்கிழமை எந்தக் கடை வாசலில் யார் நிற்பது என்பது அங்கேயே முடிவாகிறது. கூடம் இருக்கிறது, தொலைபேசி இருக்கிறது, அச்சடிக்கக் காசு இருக்கிறது, பல ஆண்டுகளாக ஒருவரையொருவர் அறிந்த தொண்டர்கள் இருக்கிறார்கள். ஓர் அரசியல் கட்சி தலைமுறைக் கணக்கில் உழைத்துக் கட்ட வேண்டிய அமைப்பு அங்கே ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1941 வசந்த காலத்தின் பேருந்துப் புறக்கணிப்பு. ஹார்லெம் வழியாக ஓடிய இரண்டு பெரிய தனியார் நிறுவனங்களான ஃபிஃப்த் அவென்யூ கோச், நியூயார்க் ஆம்னிபஸ் ஆகியவற்றில் கறுப்பின ஓட்டுநர் ஒருவர்கூட இல்லை. அந்த மார்ச்சில் பேருந்துத் தொழிலாளர்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தபோது பாவெல் அவர்களை ஆதரித்தார். வேலைநிறுத்தம் முடிந்த கையோடு புறக்கணிப்பு தொடங்கியது. மக்கள் நடந்தார்கள், சுரங்க ரயிலில் போனார்கள், கிடைத்த காரில் ஏறினார்கள். சுமார் நான்கு வாரங்கள்.

தீர்வு எட்டப்பட்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். வேலையிழந்து காத்திருந்த பழைய ஊழியர்கள் முதலில் திரும்ப எடுக்கப்படுவார்கள். அதன் பிறகு கறுப்பின ஓட்டுநர்களுக்கும் இயந்திரப் பணியாளர்களுக்கும் இடம். மைக் குவில் தலைமையிலான போக்குவரத்துத் தொழிலாளர் சங்கமும் இதில் கையெழுத்திட்டது. அதாவது, வெள்ளைத் தொழிலாளியின் பணிமூப்பைப் பறிக்காமலே கறுப்பினத் தொழிலாளிக்குக் கதவு திறந்தது. நிறுவனத்தையும் சங்கத்தையும் எதிரெதிரே மோதவிடுவது சுலபமாக இருந்திருக்கும். அந்தச் சுலபத்தை அவர்கள் தவிர்த்தார்கள். மாண்ட்கோமரியில் இன்னொரு இளம் பாப்டிஸ்ட் போதகரான மார்ட்டின் லூதர் கிங் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பை உலகமே அறியும். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே ஹார்லெமில் இது நடந்து முடிந்துவிட்டது.

தேர்தல்

கடைக்காரரை மறியலால் பணியவைக்கலாம். நகராட்சிக் கல்லூரியை எப்படிப் புறக்கணிப்பது? மருத்துவமனையை, காவல் துறையை? அவற்றை மாற்ற வேண்டுமென்றால் நகர நிர்வாகத்துக்குள்ளேயே ஒரு குரல் வேண்டும். பேருந்து வெற்றிக்குச் சில மாதங்களிலேயே பாவெல் மாநகர மன்றத்துக்குப் போட்டியிட்டது இந்த வகையில் இயல்பான அடுத்த படி.

அப்போதைய தேர்தல் முறை அவருக்குக் கைகொடுத்தது. ஊழலில் ஊறிய பழைய ஆல்டர்மென் அவையை, அதாவது வார்டு உறுப்பினர்களின் அவையை, கலைத்துவிட்டு, 1938 முதல் புதிய மாநகர மன்றம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் தேர்தல் விகிதாசார முறையில் நடந்தது. வார்டுகள் கிடையாது, மன்ஹாட்டன் முழுவதும் ஒரே தொகுதி. வாக்காளர் தமக்குப் பிடித்த வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி எழுத வேண்டும். தோற்றவர்களுக்கு விழுந்த வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாறிப்போகும். 75,000 வாக்குக்கு ஓர் இடம் என்ற கணக்கு; கடைசிச் சுற்று வரை தாக்குப்பிடித்தவர்கள் அதை எட்டாவிட்டாலும் தேர்வாகலாம்.

பழைய வார்டு முறையிலும் ஹார்லெமிலிருந்து கறுப்பின உறுப்பினர்கள் ஆல்டர்மென் அவைக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் அவர்களை நிறுத்தியது கட்சி. கட்சிக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்க வேண்டியிருந்தது. புதிய முறையில் கட்சியின் தயவில்லாமலே ஒருவர் நிற்கலாம், சிதறிக் கிடக்கும் ஆதரவைத் திரட்டி ஜெயிக்கலாம். பாவெல் சுயேச்சையாக நின்றார். மேயர் ஃபியோரெல்லோ லாகார்டியாவின் ஆதரவும், அமெரிக்கத் தொழிலாளர் கட்சி, சிட்டி ஃப்யூஷன் கட்சி ஆகியவற்றின் ஆதரவும் கிடைத்தன. ஆனால் வீடு வீடாகப் போய், இந்தப் புது வாக்குச்சீட்டில் எண்களை எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுத்தது சபையின் தொண்டர் படை. ஒரு வாக்குச்சீட்டு எவ்வளவு சிக்கலானதோ அவ்வளவுக்கு அமைப்புப் பலம் உள்ளவருக்கு அது சாதகம்.

ஒரு போதகர் தேர்தலில் நிற்பதற்கு அன்று சட்டத்தில் தடை இருக்கவில்லை. ஆனால் அது எப்போதும் அப்படி இருந்ததில்லை. நியூயார்க்கின் 1777 மாநில அரசியல் சட்டம் மதகுருமார்கள் எந்தப் பொதுப் பதவியும் வகிக்கக் கூடாது என்றது. 1846இல்தான் அந்த விதி நீங்கியது. டென்னசி மாநிலத்தில் இதே போன்ற தடை 1978 வரை இருந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றவரும் பால் மெக்டானியல் என்ற கறுப்பின பாப்டிஸ்ட் போதகர்தான். மறுபக்கம், வரிவிலக்குப் பெற்ற சபைகள் தேர்தல் பிரசாரத்தில் இறங்கக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் 1954இல் வந்தது. கொண்டுவந்தவர் அன்றைய செனட்டர் லிண்டன் ஜான்சன். ஆக, மாநிலத்தின் பழைய தடை போய் நாட்டின் புதிய கட்டுப்பாடு வராத இடைவெளியில் பாவெல் நின்றார். 1941இல் அபிசீனியன் சபை செய்ததை இன்று அப்படியே ஒரு சபை செய்தால் வரிவிலக்குக்கே கேள்வி வரலாம்.

மன்றத்தில் இரண்டு ஆண்டுகள்

1942 ஜனவரியில் பதவியேற்ற கவுன்சிலர் பாவெலுக்கு அதிகாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. பட்ஜெட்டும் நிலமும் ஒப்பந்தமும் மதிப்பீட்டு வாரியத்தின் கையில். மேயரும் ஐந்து பகுதிகளின் தலைவர்களும் மற்ற உயர் அதிகாரிகளும் இருந்த அந்த வாரியம்தான் நகரத்தை நடத்தியது. மன்றம் தீர்மானம் போடலாம், விசாரணை கேட்கலாம், சில சட்டங்கள் இயற்றலாம். இந்த வரம்பை வைத்துத்தான் அவருடைய பணியை மதிப்பிட வேண்டும்.

அவர் செய்தது மன்றத்தை ஒரு மேடையாக்கியது. நகராட்சிக் கல்லூரிகளின் ஆசிரியர் நியமனத்தில் நடக்கும் பாகுபாட்டை விசாரிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரியில் கறுப்பின மாணவர் படிக்கலாம், ஆனால் நிரந்தர ஆசிரியராக ஒருவர்கூட இல்லை என்ற நிலைமையைப் பதிவில் ஏற்றினார். அதே ஆண்டு பிப்ரவரியில் சவாய் நடன அரங்கின் மேலாளர் சார்லஸ் புக்கானனோடு சேர்ந்து ‘பீப்பிள்ஸ் வாய்ஸ்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். ஞாயிறன்று பீடம், மன்றக் கூட்டத்தில் தீர்மானம், வார இறுதியில் பத்திரிகை என்று ஒரே கோரிக்கை மூன்று இடத்தில் ஒலித்தது. உள்ளாட்சி அரசியலில் இது சாதாரணப் பலம் அல்ல.

1943 அவருக்கும் மேயருக்கும் இருந்த உறவை உடைத்தது. மன்ஹாட்டனின் கிழக்குப் பகுதியில் மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் ஸ்டைவசன்ட் டவுன் என்ற பெரிய குடியிருப்பைக் கட்ட முன்வந்தது. நிலத்தை நகரம் கையகப்படுத்தித் தரும், 25 ஆண்டுக்கு வரிச்சலுகையும் உண்டு. ஆனால் கறுப்பினத்தவருக்கு வீடு கிடையாது என்று நிறுவனத்தின் தலைவர் வெளிப்படையாகவே சொன்னார். லாகார்டியா அதற்குக் கையெழுத்திட்டார். தன்னை ஆதரித்த மேயர் என்று பாவெல் தயங்கவில்லை, கடுமையாகத் தாக்கினார். திட்டத்தைத் தடுக்க முடியவில்லை. ஆனால் எதிர்ப்பு வீண்போகவும் இல்லை: 1944இல் மன்றம், பாகுபாடு காட்டும் குடியிருப்புத் திட்டங்களுக்கு இனி வரிச்சலுகை இல்லை என்று சட்டம் இயற்றியது. அப்போது பாவெல் மன்றத்தில் இல்லை. அவருக்குப் பின் ஹார்லெமிலிருந்து வந்த பெஞ்சமின் டேவிஸும் ஸ்டான்லி ஐசக்ஸும் அதைக் கொண்டுவந்தார்கள்.

1943 ஜூனில் டெட்ராயிட்டில் இனக்கலவரம் வெடித்ததும், நியூயார்க்கிலும் அப்படி நடக்கலாம் என்று பாவெல் எச்சரித்தார். ஆகஸ்ட் 1 அன்று ஹார்லெமில் ஒரு கறுப்பினப் படைவீரரைப் போலீஸ்காரர் சுட்டார். வீரர் செத்துவிட்டார் என்று வதந்தி பரவியது. விடிவதற்குள் 125ஆம் தெருவின் கடைகள் நொறுங்கிக் கிடந்தன. ஆறு பேர் இறந்தார்கள், ஆறு பேரும் கறுப்பினத்தவர். எட்டு ஆண்டில் இரண்டாவது முறை. எட்டு ஆண்டாகச் சொல்லிவந்த குறைகளை நகர நிர்வாகம் எவ்வளவு மெதுவாகக் கேட்டது என்பதற்கு அந்த இரவைவிட வேறு சான்று தேவையில்லை.

வாஷிங்டனும் அதன் பிறகும்

தொகுதி மறுசீரமைப்பில் ஹார்லெமுக்கென்று ஒரு நாடாளுமன்றத் தொகுதி உருவானது. பாவெல் மன்றத்துக்கு மறுபடி நிற்காமல் அதில் கண் வைத்தார். 1944இல் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி, அமெரிக்கத் தொழிலாளர் கட்சி மூன்றின் உட்கட்சித் தேர்தல்களிலும் அவரே வென்றார். பொதுத் தேர்தலில் எதிர்க்க ஆள் இல்லை. நியூயார்க் மாநிலத்திலிருந்து நாடாளுமன்றம் போன முதல் கறுப்பினத்தவர் அவர். 1945 ஜனவரியில் அவர் போனபோது அங்கிருந்த ஒரே சக கறுப்பின உறுப்பினர் சிகாகோவின் வில்லியம் டாசன். போதகர் பொறுப்பை அவர் விடவில்லை. வாரநாளில் வாஷிங்டன், ஞாயிறன்று 138ஆம் தெரு.

அங்கும் நகர மன்றத்தில் கற்ற பாடத்தையே பெரிய அளவில் செய்தார். அரசின் காசு பாகுபாடு காட்டும் இடத்துக்குப் போகக் கூடாது என்ற ஒரே திருத்தத்தை மசோதா மசோதாவாகச் சேர்க்கக் கேட்டார். அதற்குப் பாவெல் திருத்தம் என்றே பெயர் நிலைத்தது. தாராளவாதிகளே சலித்துக்கொண்டார்கள், 1956இல் பள்ளிக் கட்டட நிதி மசோதா இந்தத் திருத்தத்தால் வீழ்ந்தது என்று அவரைக் குறை சொன்னார்கள். 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பில் அதே கொள்கை நாட்டின் சட்டமானது. ஸ்டைவசன்ட் டவுன் விவகாரத்தில் வரிச்சலுகை பற்றி எழுந்த வாதமும் இதேதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1961இல் கல்வி, தொழிலாளர் குழுவின் தலைவரானார். குறைந்தபட்சக் கூலி, 1965 பள்ளிக் கல்விச் சட்டம், வறுமை ஒழிப்புத் திட்டங்கள் என்று அந்தக் குழு வழியே போனவை ஏராளம்.

1956இல் தன் கட்சி வேட்பாளரை விட்டுவிட்டுக் குடியரசுக் கட்சியின் ஐசனோவரை ஆதரித்தார். டாமனி ஹால் அதை மன்னிக்கவில்லை. 1958 உட்கட்சித் தேர்தலில் கவுன்சிலர் எர்ல் பிரவுனை அவருக்கு எதிராக நிறுத்தியது. பாவெல் சுமார் மூன்று மடங்கு வாக்கில் ஜெயித்தார். கட்சி அவருக்குத் தரவில்லை, ஆகவே கட்சியால் பறிக்கவும் முடியவில்லை.

இந்த இடத்தில்தான் ஆய்வின் மறுபக்கம் தெரிகிறது. எவருக்கும் கட்டுப்படாத நிலை ஒரு மனிதனை விடுவிக்கிறது. அதே நிலை அவனைத் தடுத்து நிறுத்தவும் ஆளில்லாமல் செய்துவிடுகிறது. 1960இல் தொலைக்காட்சியில் ஹார்லெம்வாசியான ஒரு பெண்ணைப் போலீஸுக்கு மாமூல் பணம் சுமப்பவர் என்றார். அவர் வழக்குப் போட்டு 1963இல் வென்றார். பாவெல் இழப்பீடு தராமல் இழுத்தடித்தார். சம்மன் தர முடியாத நாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நியூயார்க் வந்து பிரசங்கித்துவிட்டுப் போனார். நாடாளுமன்ற வருகை குறைந்தது. பஹாமாஸின் பிமினி தீவில் அதிக நாள் கழித்தார். குழுவின் பணத்தில் பயணம், வேலை செய்யாத மனைவிக்குச் சம்பளம் என்று குற்றச்சாட்டுகள் குவிந்தன. மற்ற உறுப்பினர்களும் செய்ததைத்தான் நானும் செய்தேன் என்றார். அதில் உண்மை உண்டு, அவர்மேல் காட்டிய கடுமையில் இனவெறிக்கும் பங்கு உண்டு. ஆனால் வழக்குப் போட்ட அந்தப் பெண்ணும் ஹார்லெம்காரர்தான். 1930களில் பாவெல் யாருக்காக மறியல் செய்தாரோ அவர்களில் ஒருவர்.

1967 மார்ச் 1 அன்று நாடாளுமன்றம் 307க்கு 116 என்ற வாக்கில் அவரை உள்ளே விட மறுத்தது. ஏப்ரலில் நடந்த சிறப்புத் தேர்தலில் ஹார்லெம் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. அவர் போய் உட்காரவில்லை. 1968இலும் தேர்ந்தெடுத்தது. 1969 ஜனவரியில் 25,000 டாலர் அபராதத்தோடும் பணிமூப்பு இழப்போடும் உள்ளே அனுமதித்தார்கள். அந்த ஜூனில் உச்ச நீதிமன்றம், வயது, குடியுரிமை, வசிப்பிடம் ஆகிய தகுதிகள் இருந்தால் மக்கள் தேர்ந்தெடுத்தவரை அவை விலக்கி வைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இன்றும் அமெரிக்க அரசியல் சட்ட வகுப்பில் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது.

கட்சியாலும் நாடாளுமன்றத்தாலும் முடியாததை வாக்காளர்கள் செய்தார்கள். 1970 உட்கட்சித் தேர்தலில் சார்ல்ஸ் ராங்கெல் என்ற மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் சுமார் 150 வாக்கு வித்தியாசத்தில் பாவெலைத் தோற்கடித்தார். ஊரில் இல்லாத உறுப்பினர் என்பதே ராங்கெலின் வலுவான வாதம். அடுத்த ஆண்டு பாவெல் சபைப் பொறுப்பிலிருந்தும் விலகினார். 1972 ஏப்ரல் 4 அன்று மயாமியில் காலமானார், வயது 63.

அவரைத் தூக்கிவிட்ட தேர்தல் முறையும் நீடிக்கவில்லை. அவருடைய இடத்துக்கு 1943இல் வந்த டேவிஸ் கம்யூனிஸ்ட். பனிப்போர் தொடங்கியதும் அதையே காரணம் காட்டி, 1947இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி விகிதாசார முறையை ஒழித்தார்கள். பழையபடி தொகுதிக்கு ஒருவர் என்றானது. கட்சி எதிர்ப்பாளர்களும் சிறுபான்மைக் குரல்களும் மன்றத்துக்குள் வருவது அதன் பிறகு மிகவும் அரிதாகிப்போனது. இதை நான் நியூயார்க் நகரத்துக்கு நேர்ந்த பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

பீடமும் நாற்காலியும் மறுபடி ஒருவரிடம் சேரவில்லை. நாடாளுமன்ற இடத்தை ராங்கெல் 2017 ஜனவரி வரை வைத்திருந்தார். 138ஆம் தெரு ஆலயத்துக்குச் சாமுவேல் புராக்டர் போதகராக வந்தார். கல்லூரித் தலைவராக இருந்த கல்வியாளர், தேர்தலில் நிற்காதவர். அவருக்குப் பின் 1989 முதல் 2022 வரை பொறுப்பில் இருந்த கால்வின் பட்ஸ், மேயர்களோடு மோதினார், வேட்பாளர்களை ஆதரித்தார், எதிர்த்தார். ஆனால் தேர்ந்தெடுக்கப்படும் பதவி எதிலும் அமரவில்லை. அவர் காலத்தில் சபை ஒரு வளர்ச்சிக் கழகத்தை உருவாக்கி ஹார்லெமில் வீடுகளும் பள்ளியும் கடைகளும் கட்டியது.